தொண்ணூற்று நான்காம் நாள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு முயல் கூண்டின் அடித்தட்டை வெளியே இழுத்துப் பார்த்தேன். தட்டு சுத்தமாக இருந்தது. மற்றவர்கள் வீட்டில் தட்டு சுத்தமாக இருந்தால் சந்தோஷப்படுவார்கள். முயல் வளர்க்கிறவர்களுக்கு அதுதான் பெரிய பயம். நல்ல ஆரோக்கியமான முயல் ஒரு ராத்திரியில் நூறு புழுக்கைக்குக் குறையாமல் போடும். இந்தத் தட்டில் மூன்றே மூன்று கிடந்தன, அதுவும் மிளகு அளவில், காய்ந்து சுருங்கி.

தீனிக் கிண்ணத்தைப் பார்த்தேன். நேற்று சாயங்காலம் வைத்தது வைத்தபடியே இருந்தது. தண்ணீரும் குறையவில்லை. முயல் மூலையில் நான்கு காலையும் அடியில் மடக்கிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்திருந்தது. காதருகே கையைக் கொண்டுபோனால் வழக்கமாகத் தலையைத் தூக்கி முகர்ந்து பார்க்கும். அன்றைக்குத் தூக்கவில்லை.

அதன் பெயர் மகாராணி. பெயர் வைத்தது நான் இல்லை, என் ஓரகத்தி. முயலும் அவளுடையதுதான். என் கணவரின் அண்ணன் மனைவி என்பதால் நேரில் எப்போதும் ‘வாங்கக்கா, உக்காருங்கக்கா’தான். மனசுக்குள் அவள், இவள் என்று வருவதை நான் தடுப்பதில்லை.

நாங்கள் ஊருக்கு வெளியே ஒரு கம்பளிப் பண்ணை வைத்திருக்கிறோம். பண்ணை என்றதும் பெரிதாகக் கற்பனை செய்ய வேண்டாம். பதினெட்டு செம்மறி, சுருட்டை முடி வெள்ளாடு நான்கு, குட்டி ஒட்டகம் மாதிரி கழுத்து நீண்ட அல்பாக்கா இரண்டு, பின்னறையில் தட்டுத் தட்டாகப் பட்டுப்புழு. வெட்டுகிற ரோமத்தை நானே அலசி, சீவி, ராட்டையில் நூற்று விற்கிறேன். வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் கேட்டைத் திறந்து எல்லோரையும் உள்ளே விடுவோம். ‘உங்கள் ஸ்வெட்டரின் முதல் சொந்தக்காரர்களைச் சந்திக்க வாருங்கள்’ என்று என் கணவர் நோட்டீஸ் எழுதி ஒட்டுவார். அதில் அவருக்கு ஒரு பெருமை. வருகிறவர்கள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, கடைசியில் “கம்பளி முயல் இல்லையா?” என்று உதட்டைப் பிதுக்குவார்கள். மூன்று வருஷமாக அந்த உதட்டைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. அதனால்தான் ஓரகத்தியிடம் போய் நின்றேன்.

அவளிடம் முப்பது முயல்கள் இருந்தன. எந்த ஜோடியைச் சேர்த்தால் முடி நீளும், எதைச் சேர்த்தால் அடர்த்தி கூடும் என்று எட்டு வருஷம் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து வளர்த்த முயல்கள். போன குளிர்காலத்தில் ஏதோ ஒரு நோய் வந்து பதினோரு நாளில் வாரிக்கொண்டு போய்விட்டது. மிஞ்சியது மகாராணியும் ஒரு கிழட்டு ஆண் முயலும்தான். அடுத்த மாதம் இரண்டையும் சேர்ப்பதாக இருந்தாள். மகாராணி குட்டி போட்டால் எட்டு வருஷ உழைப்பு மிஞ்சும், இல்லையென்றால் எல்லாம் போச்சு. தன் சீப்பைக்கூட இரவல் தராதவள் அவள். நான் இரண்டு வாரம் விடாமல் கெஞ்சி, பத்து நாளைக்கு வாங்கி வந்தேன்.

கூடவே ஒரு தாள் கொடுத்தாள். அதில் பதினைந்து கட்டளைகள். மூன்றாவதன் அடியில் இரண்டு கோடு இழுத்திருந்தாள். ‘போன தடவை முடி வெட்டி, புதன்கிழமையோடு தொண்ணூறு நாள் ஆகிறது. அன்றைக்கே முடி வெட்டிவிடு.’

காரணம் இதுதான். கம்பளி முயலின் முடி தொண்ணூறு நாளில் வேரைவிட்டுக் கழல ஆரம்பிக்கும். முயலுக்குப் பூனை மாதிரி தன்னைத்தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும் பழக்கம். பூனை முழுங்கிய முடியை வாந்தி எடுத்துவிடும். முயலுக்கு வாந்தி வராது. போன முடி வயிற்றுக்குள்ளேயே சுருண்டு, கெட்டித்து அடைத்துக்கொள்ளும். பிறகு தீனி இறங்காது, புழுக்கை வராது. இரண்டு மூன்று நாளில் கதை முடிந்துவிடும். இதை ஓரகத்தி வாயால் நான் ஐம்பது தடவையாவது கேட்டிருப்பேன்.

புதன்கிழமை கத்தரிக்கோலை எடுக்கத்தான் செய்தேன். மேஜைமேல் துணி விரித்து மகாராணியை உட்கார வைத்து, முதுகில் வகிடு எடுத்தேன். முடி என் விரல் நீளத்துக்கு மேலேயே இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொரு இழையும் தனித்தனியாக மின்னியது. முயல் எங்கே முடிகிறது, காற்று எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியவில்லை. இன்னும் நான்கு நாளில் நூறு பேர் வரப்போகிறார்கள். இப்போது வெட்டினால், அன்றைக்கு நான் காட்டப்போவது குளித்துவிட்டுத் துவட்டாமல் வந்த கிழவனைத்தான். நான்கு நாளில் என்ன ஆகிவிடும் என்று கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன்.

சாயங்காலம் ஓரகத்தி போன் செய்து கேட்டாள். “வெட்டிட்டியா?”

“வெட்டிட்டேன்க்கா” என்றேன். அவ்வளவு வழவழப்பாக வந்தது அந்தப் பொய், எனக்கே ஒரு நிமிஷம் நிஜமாகத் தோன்றியது.

அதோடும் நான் நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை சீப்பு போட்டபோது முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. புத்தியுள்ள யாரும் அந்த நிமிஷமே புரிந்துகொண்டு வெட்டியிருப்பார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? சீவச் சீவ அடர்த்தி குறைகிறதே என்று சீவுவதையே நிறுத்திவிட்டேன். இருபது வருஷமாக ரோமத்தோடு புழங்குகிறவள் செய்கிற காரியமா இது? என்னை நானே திட்டிக்கொள்வதில் எனக்கு ஒரு சங்கடமும் இல்லை. அன்றைக்குக் காலை நிறையவே திட்டிக்கொண்டேன்.

கணவர் வாசலில் பெஞ்சுகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார். போய்ச் சொன்னேன்.

“மகாராணி ராத்திரி சாப்பிடலைங்க.”

“புது இடம்ல, அப்படித்தான் இருக்கும்.”

“வந்து எட்டு நாள் ஆச்சு. எட்டு நாளும் தின்னுச்சு.”

அவர் பெஞ்சைக் கீழே வைத்தார். எதற்கும் பதறாத மனுஷன். அவர் பெஞ்சை அவ்வளவு மெதுவாக வைத்ததைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் அதிகமானது. “டாக்டருக்குப் போன் போடு” என்றார்.

கால்நடை டாக்டர் போனை எடுக்கவில்லை. நான்கு தடவை போட்டேன். அதற்குள் மணி பத்தாகி, கேட்டில் ஆட்கள் வந்து நின்றுவிட்டார்கள். முயல் வாயருகே இரண்டு கட்டுக் காய்ந்த புல்லை வைத்துவிட்டு, சிரித்த முகத்தோடு போய்க் கேட்டைத் திறந்தேன். அந்தச் சிரிப்பை எங்கிருந்து எடுத்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

முதல் கூட்டம் இருபத்தைந்து பேர் இருக்கும். அதில் கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் ரூல் போட்ட நோட்டும் இரண்டு பேனாவுமாக வந்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் எழுத ஆரம்பித்துவிட்டார். அவரைப் பார்த்ததுமே இன்றைக்கு என்னை விடமாட்டார் என்று எனக்குப் பட்டது.

செம்மறிப் பட்டியில் ஆரம்பித்தேன். “முதுகுல கை வெச்சுப் பாருங்க. பிசுபிசுன்னு இருக்கா? அது ஆடே சுரக்கிற எண்ணெய். மழைத் தண்ணி தோல்ல இறங்காம அதுதான் காப்பாத்தும்.” எல்லோரும் கை வைத்தார்கள். ஒரு அம்மாள் கையை முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்து, மறுபடியும் முகர்ந்தாள். சால்வை போர்த்திய இன்னொருத்தி குரலைத் தாழ்த்திக் கேட்டாள், “ஆட்டைக் கொன்னுட்டுத்தானே கம்பளி எடுப்பாங்க?” “உங்க தலைமுடியை வெட்டறவர் உங்களைக் கொன்னுட்டா வெட்டறாரு?” என்றேன். கூட்டம் சிரித்தது. வேறு நாளாக இருந்தால் இவ்வளவு சுருக்கென்று பதில் சொல்லியிருக்க மாட்டேன். காது முழுக்க முயல் அறைப் பக்கமே இருந்தது.

“ஒரு நிமிஷம், தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன்” என்று ஓடினேன். புல் அப்படியே இருந்தது. தட்டிலும் ஒன்றும் இல்லை.

திரும்பி வந்து வெள்ளாடுகளைக் காட்டினேன். அவற்றின் முடி நெற்றியிலிருந்து சுருள் சுருளாகத் தொங்கும். அதைப் பார்த்ததும் எல்லோருக்கும் ஒரு சிரிப்பு வரும். ஒரு ஆடு நோட்டுக்காரரின் பக்கத்தைக் கவ்விப் பாதியைக் கிழித்துத் தின்றது. “செம்மறியைப் பத்தி எழுதினது பூரா போச்சு” என்று அவர் பரிதாபமாகச் சொன்னார். “திரும்பச் சொல்றேன்” என்றேன். ஆனால் சொல்லவில்லை. மறுபடியும் தண்ணீர் குடிக்கப் போனேன்.

இந்தத் தடவை முயலைத் தூக்கிப் பார்த்தேன். நரநரவென்று மெல்லிய சத்தம் கேட்டது. பல்லைக் கடிக்கிற சத்தம். முயல் வலியில் கத்தாது, பல்லைத்தான் கடிக்கும். வயிற்றை விரலால் மெதுவாக அழுத்தினேன். விலா எலும்புக்குக் கீழே பிசைந்து வைத்த மாவுருண்டை மாதிரி ஒன்று தட்டுப்பட்டது. விரல் அழுத்திய இடம் சட்டென்று மேலே எழும்பவில்லை. முயலைக் கூண்டில் விட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றேன்.

அப்போதுதான் டாக்டர் திருப்பி அழைத்தார். ஒரு மாடு கன்று போட முடியாமல் தவிக்கிறது, நான்கு மணிக்கு முன்னால் நகர முடியாது என்றார். நான் முயலைப் பற்றிச் சொன்னேன். பேசிக்கொண்டே அறையை விட்டு வெளியே வந்தது என் தப்பு. அல்பாக்காவைப் பார்க்க வரிசையில் நின்ற கூட்டம் பூராவும் என்னையே பார்த்தது. கணவர் இரண்டு அல்பாக்காவின் கயிற்றையும் பிடித்தபடி பக்கத்திலேயே நின்றார்.

“உங்க ஓரகத்தியோட முயல்தானே?” என்றார் டாக்டர். அவளுக்கும் இவர்தான் டாக்டர். “முடி வெட்டி எத்தனை நாளாச்சு?”

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். நோட்டுக்காரர் பேனாவைத் தயாராக வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரிடம் சொல்வது ஓரகத்தியிடம் சொல்வது மாதிரிதான். சாயங்காலத்துக்குள் அவள் காதுக்குப் போய்விடும்.

“நாலு நாளாச்சு டாக்டர். புதன்கிழமை வெட்டினோம்.”

“அப்ப முடியா இருக்காது. வயித்துல காத்து அடைச்சிருக்கும். வயித்தைத் தேய்க்காதீங்க, வாயில எதையும் ஊத்தாதீங்க. அசைக்காம இருட்டுல விட்டுடுங்க. நான் வந்து பாக்கறேன்” என்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார்.

நான் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். காற்று அடைப்பு இல்லை, முடிதான் என்று எனக்குத் தெரியும். முடி என்றால் தண்ணீர் ஊற்ற வேண்டும், வயிற்றை நீவிவிட வேண்டும், நடக்க வைக்க வேண்டும். டாக்டர் சொன்னது ஒவ்வொன்றும் அதற்கு நேர் எதிர். அவர் மேல் என்ன தப்பு? என் பொய்க்குச் சரியான வைத்தியத்தைத்தான் அவர் சொன்னார்.

கணவர் என் காதருகே குனிந்தார். “புதன்கிழமை எங்க வெட்டின?”

“மெதுவாப் பேசுங்க.”

“நான் மெதுவாத்தான் பேசறேன். அண்ணிகிட்டயும் இப்படித்தான் சொல்லி வெச்சிருக்கியா?”

என் முகத்தில் ஈயாடவில்லை, அதுவே அவருக்குப் போதுமான பதிலாக இருந்தது.

“நான் கூட்டத்தைப் பாத்துக்கறேன்” என்றார். “நீ அண்ணிக்குப் போன் போடு.”

“போட்டா என்னைக் கொன்னே போடுவாங்க.”

“முயலைக் கொல்றதுக்கு இது தேவலை” என்று சொல்லிவிட்டு, அவர் கயிற்றை இழுத்துக்கொண்டு கூட்டத்தின் பக்கம் திரும்பினார். “இது அல்பாக்காங்க. கோவம் வந்தா துப்பும், அதனால யாரும் முறைச்சுப் பாக்காதீங்க...” அவருக்கு அல்பாக்காவைப் பற்றி அதற்குமேல் ஒன்றும் தெரியாது. துப்புவதைப் பற்றியே பத்து நிமிஷம் பேசினார் என்று பிறகு சொன்னார்கள்.

நான் முயல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். உடனே போன் போட்டேன் என்று சொல்ல ஆசைதான். போடவில்லை. முதலில் ஓரகத்திக்குத் தெரியாமலே சரிசெய்துவிடலாம் என்று பார்த்தேன். ஊசி கழற்றிய சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீரை இழுத்து, வாயோரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டேன். பாதி உள்ளே போனது, பாதி தாடையில் வழிந்து முடியை நனைத்தது. வயிற்றை நீவினேன். எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் நீவ வேண்டும் என்பது எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. அதைச் சொல்லக்கூடியவள் உலகத்தில் ஒருத்திதான். அவளிடம்தான் நான் கேட்க முடியாது.

அப்போது மகாராணி தலையைத் திருப்பித் தன் தோளை நக்க ஆரம்பித்தது. அவ்வளவு வலியிலும், பழக்கம் விடாமல், இன்னொரு கொத்து முடியை நாக்கால் இழுத்து முழுங்கியது. அதைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் உட்கார்ந்து யோசிக்கிற ஒவ்வொரு நிமிஷமும் அது முழுங்கிக்கொண்டே இருக்கும். போனை எடுத்தேன்.

“என்ன, கூட்டம் நிறையவா?” என்றாள் ஓரகத்தி. குரலில் நல்ல உற்சாகம்.

“அக்கா, மகாராணி நேத்து ராத்திரியிலேர்ந்து சாப்பிடலை. புழுக்கையும் போடலை. வயிறு மாவாட்டம் இருக்கு.” மூச்சு வாங்கியது. நிறுத்தினால் மறுபடி பொய் வந்துவிடும் என்று ஒரே மூச்சில் சொன்னேன். “நான் புதன்கிழமை வெட்டலைக்கா. பொய் சொன்னேன். இன்னைக்கு எல்லாரும் பாக்கணும்னு அப்படியே விட்டுட்டேன். ரெண்டு நாளா சீவக்கூட இல்லை. டாக்டர்கிட்டயும் வெட்டிட்டேன்னு சொல்லிட்டேன்.”

திட்டு வரும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

“பல்லைக் கடிக்குதா?” என்றாள்.

“கடிக்குது.”

“காது சில்லுனு இருக்கா?”

தொட்டுப் பார்த்தேன். “நுனி சில்லுனு இருக்கு.”

“சரி, கேட்டுக்கோ. மடியில மல்லாத்தாத, தரையில நிக்க வை. ரெண்டு கையையும் அடியில விட்டு, முன்னங்கால் பக்கத்துலேர்ந்து பின்னங்கால் பக்கமா நீவு. அழுத்தாத. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை தண்ணி, ஒரு சிரிஞ்சு, அதுக்கு மேல வேணாம். நடுவுல நடக்க விடு. சுடுதண்ணிப் பாட்டில் ஒண்ணு துணியில சுத்திப் பக்கத்துல வை. நக்க விடாத. வாய் போற இடத்துல எல்லாம் முடியை வெட்டிடு. இப்பவே வெட்டு. நான் கிளம்பறேன். டாக்டருக்கு நான் சொல்லிக்கறேன்.”

“அக்கா...”

“பேச்சு எல்லாம் அப்புறம்” என்று அவள் போனை வைத்தாள்.

அவள் வீட்டிலிருந்து இங்கே வர முக்கால் மணி நேரம். கத்தரிக்கோலை எடுத்தேன். முயலின் தோல் மெல்லிசு, கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் முடியோடு தோலும் கத்தரிக்குள் வந்துவிடும். தோள், மார்பு, விலா என்று வெட்டினேன். வெட்டிய முடி வீணாகத் தரையில் விழுந்தது. ஒரு இழையைக்கூட நான் பொறுக்கவில்லை. நீவினேன், தண்ணீர் விட்டேன், கீழே விட்டேன். அது நான்கு எட்டு வைத்து மறுபடி மூலையில் போய்க் குறுகிக்கொண்டது.

கதவுக்கு வெளியே கூட்டம் வந்துவிட்டது. “பட்டுப்புழு இலை தின்ற சத்தம் மழை பெய்யற மாதிரி இருந்துச்சு, எழுதிக்கிட்டேன். அடுத்து முயல்தானே?” என்று நோட்டுக்காரர் கேட்பது காதில் விழுந்தது. “முயலுக்கு உடம்பு சரியில்லைங்க” என்றார் கணவர். “எட்டி நின்னு பாக்கறோமே.” “வேணாங்க.” “கதவு இடுக்கு வழியா?” கணவர் எதையும் இரண்டு தடவைக்கு மேல் மறுத்து நான் கண்டதில்லை. அன்றைக்கு ஏழு தடவை மறுத்தார்.

ஓரகத்தி வந்தபோது என்னைப் பார்க்கவே இல்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் தரையில் மண்டி போட்டு உட்கார்ந்தாள். முயலின் அடியில் கையை விட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் விரல்கள் வயிற்றில் எதையோ தேடித் தேடிப் போய் ஒரு இடத்தில் நின்றன. அவள் உதடு இறுகியது.

“பெரிசாத்தான் இருக்கு” என்றாள். “கத்தரியைக் கொடு.”

மிச்ச முடியை அவள் வெட்டினாள். நான் முயலைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு ஒரு மணி நேரம் பிடிக்கிற வேலையை அவள் பதினைந்து நிமிஷத்தில் முடித்தாள். எங்கும் ஒரு கீறல்கூட இல்லை. முடியெல்லாம் போன பிறகு மகாராணி இரண்டு கைக்குள் அடங்குகிற அளவுக்கு ஆகிவிட்டது. முதுகெலும்பு தெரிந்தது. இவ்வளவு சின்ன உடம்பையா நான் நான்கு நாள் பணயம் வைத்தேன் என்று எனக்கு அழுகை வந்தது. ஓரகத்தி எதிரே அழக்கூடாது என்று மென்று முழுங்கினேன்.

அதன்பிறகு செய்ய எதுவும் இல்லை. மாறி மாறி நீவினோம். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை தண்ணீர் விட்டோம். அவள் ஒரு தடவை நடக்க விடுவாள், நான் ஒரு தடவை நடக்க விடுவேன். ஒவ்வொரு தடவையும் இருவரும் குனிந்து முயலின் பின்பக்கத்தையே பார்ப்போம். கல்யாண வயதில் பிள்ளைகளை வைத்திருக்கிற இரண்டு பெண்கள் ஒரு புழுக்கைக்காகத் தரையில் தவம் கிடந்தோம். வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்போம். மணி ஒன்று ஆனது, இரண்டு ஆனது. காதின் நுனி இன்னும் சில்லென்றுதான் இருந்தது. இரண்டரைக்கு முயல் தலையைத் தரையில் சாய்த்தது. ஓரகத்தி “ஏய், ஏய்” என்று அதை நிமிர்த்தினாள். அவள் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதே இல்லை. பதினோரு நாளில் இருபத்தெட்டு முயல்களை இப்படித்தான் ஒவ்வொன்றாக நிமிர்த்தியிருப்பாள் என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் மகாராணி தானாக இரண்டு எட்டு நடந்தது. நின்றது. பின்பக்கத்தை லேசாகத் தூக்கியது. தரையில் ஒன்று விழுந்தது. அதன் பின்னாலேயே இன்னொன்று, இன்னொன்று. ஏழு புழுக்கைகள், எல்லாம் ஒரே முடியிழையில் கோத்து ஒரு சரமாக வந்தன.

ஓரகத்தி அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “வருது” என்றாள். “முடியோட வருது.” அப்படியே சுவரில் சாய்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

கதவு மெதுவாகத் திறந்தது. கணவரை எப்படி ஏமாற்றினாரோ தெரியாது, நோட்டுக்காரர் தலையை உள்ளே நீட்டினார். தரையில் நிற்கிற முயலைப் பார்த்தார். “அட, இது அந்தக் கம்பளி முயலோட குட்டியா?”

“இல்லைங்க” என்றாள் ஓரகத்தி, முகத்தைத் துடைத்துக்கொண்டே. “இதுதான் அது.”

அவர் நோட்டைத் திறந்தார். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் ஒரு தடவை பார்த்தார். எதுவும் எழுதாமல் நோட்டை மூடிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

இனிமேல் தப்பிக்க முடியாது என்று எனக்குத் தெரிந்தது. “அக்கா, என்ன திட்டணுமோ திட்டிடுங்க” என்றேன். “காலையிலேர்ந்து காத்துக்கிட்டிருக்கேன். இப்படிப் பேசாம இருந்தீங்கன்னா எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும்.”

அவள் முயலின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். முடியில்லாத முதுகு, அவள் விரல் போகிற இடமெல்லாம் தோல் அசைந்தது.

“நீ வெட்டலைன்னு எனக்கு வியாழக்கிழமையே தெரியும்.”

எனக்குப் புரியவில்லை.

“உன் வீட்டுக்காரர் அவங்க அண்ணனுக்குப் போட்டோ அனுப்பியிருந்தார். பட்டிக்கெல்லாம் பெயின்ட் அடிச்சதைக் காட்டறதுக்கு. பின்னாடி கூண்டுல மகாராணி உக்காந்திருந்துச்சு, முழு முடியோட.” அவள் நிமிரவில்லை. “உடனே உனக்குப் போன் போட எடுத்தேன். அந்தப் போட்டோவைப் பெரிசு பண்ணிப் பாத்தேன். எட்டு வருஷத்துல அப்படி ஒரு முடியை நானே பாத்ததில்லை. நாலு பேர் பாக்கட்டுமேன்னு போனைக் கீழ வெச்சுட்டேன். மூணு நாள் தூங்கலை. ஆனா கூப்பிடவும் இல்லை.”

எனக்குக் கோபம் வந்தது. காலை ஏழு மணியிலிருந்து நான் செத்துச் செத்துப் பிழைத்திருக்கிறேன். இவள் வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வியாழக்கிழமையே வெட்டித் தொலைத்திருப்பேனே. சொல்ல வேண்டியதெல்லாம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள், வந்ததிலிருந்து முதல் தடவையாக.

“நீ காலையில கூப்பிடாம, சாயங்காலம் போன் பண்ணி ‘செத்துப்போச்சுக்கா, என்னாச்சுன்னே தெரியலை’ன்னு சொல்லியிருந்தா, உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டேன்” என்றாள். “எந்த வாயால கேப்பேன்? சரின்னு சொல்லிட்டு, குழி தோண்ட இடம் பாத்திருப்பேன்.”

வந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். முயலின் காது நுனியைத் தொட்டுப் பார்த்தேன். சூடு முழுசாகத் திரும்பியிருந்தது என்று சொல்ல முடியாது. ஓரகத்தி காலி சிரிஞ்சை என் பக்கம் நீட்டினாள்.

“இன்னும் ரெண்டு நாள் தாண்டணும்” என்றாள். “தண்ணி எடு. பத்து நிமிஷம் ஆச்சு.”